நாலு மணித் தலைவலி: கேள்வி - பதில்

ஐ.டி. ஊழியர், சோழிங்கநல்லூர்: தினமும் சாயங்காலம் நாலு மணி ஆனால் டாண் என்று தலைவலி வந்துவிடுகிறது. கம்ப்யூட்டர்தானே குற்றவாளி?

உடந்தை என்று வேண்டுமானால் சொல்லலாம். உங்களை அசையவிடாமல் உட்கார வைத்திருக்கிறதே, அதுதான் குற்றம். மூளைக்கு வலி உணர்வு கிடையாது. வலிப்பதெல்லாம் அதைச் சுற்றியுள்ள உறை, ரத்தக் குழாய், நெற்றி, பொட்டு, பிடரித் தசைகள். கிட்டத்தில் இருப்பதைப் பார்க்க, கண்ணுக்குள் இருக்கும் சிலியரி தசை இறுகி லென்ஸைப் புடைக்க வைக்கிறது. இரண்டு கண்ணையும் மூக்குப் பக்கம் திருப்பி வைக்க வெளித் தசைகள் பாடுபடுகின்றன. தலை முன்னால் விழாமல் பிடரி தாங்குகிறது. காலையில் இறுகிய இந்த மூன்றும் மதியச் சாப்பாட்டு நேரத்திலும் தளர்வதில்லை. ஒரு கை சோற்றில், இன்னொரு கை செல்போனில். நாலு மணிக்கு மூன்றும் சேர்ந்து கொடி பிடிக்கின்றன. புது நாற்காலி கேட்டு மனுப் போடுவதற்கு முன்னால் இருக்கிற நாற்காலியை விட்டு அடிக்கடி எழுந்து பாருங்கள். அதற்கு யார் கையெழுத்தும் வேண்டாம்.

பெயர் வேண்டாம், தரமணி: என் தலைவலிக்கும் என் மேனேஜருக்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு. அவர் பெயரில் மெயில் வந்து விழும்போது உங்கள் தோள்பட்டை எங்கே இருக்கிறது என்று கவனியுங்கள். காதைத் தொடப் போயிருக்கும். பல்லையும் கடித்துக்கொண்டிருப்பீர்கள். பொட்டில் விரலை வைத்துப் பல்லைக் கடித்துப் பாருங்கள், விரலுக்கடியில் ஒரு தசை துள்ளும். தாடையை இழுத்து மூடுகிற தசை அது. பொட்டு முழுக்க விரிந்து கிடக்கிறது. நாள் முழுக்கப் பல்லைக் கடித்தால் அதற்கு வலிக்காமல் என்ன செய்யும்? உதடு மூடியிருக்கலாம், மேல் பல்லும் கீழ்ப் பல்லும் ஒட்டக் கூடாது. மேனேஜரை இறக்குவது உங்கள் கையில் இல்லை, தோளை இறக்கலாம்.

ஆடிட்டர் ஆபீஸ் ஊழியர், திருப்பூர்: எனக்கு மாதத்தில் 18, 19, 20 தேதிகளில் மட்டும் தலைவலி. கண்ணில் மணல் விழுந்த மாதிரி உறுத்தலும் உண்டு. இது என்ன வியாதி?

ஜி.எஸ்.டி. ரிட்டர்ன். கடைசி தேதி தாண்டியதும் தானே குணமாகும். உறுத்தலுக்குக் காரணம் வேறு. சும்மா இருக்கும்போது நிமிடத்துக்கு 15 தடவையாவது இமைக்கிற கண், திரையில் எண்களைத் துரத்தும்போது ஐந்து, ஏழு என்று குறைத்துக்கொள்கிறது. அந்த ஐந்திலும் சில அரைகுறை. மேல் இமை கீழ் இமையைத் தொடாமலே திரும்பிவிடும். கண்ணீர்ப் படலம் அங்கங்கே காய்கிறது, எண்கள் மங்குகின்றன, நீங்கள் கண்ணைச் சுருக்குகிறீர்கள், புருவ மத்தியில் வலி. இதில் ஏ.சி. காற்று நேராக முகத்தில் அடித்தால் கேட்கவே வேண்டாம். ஏ.சி. துவாரத்தில் பழைய காலண்டர் அட்டையை டேப் போட்டு ஒட்டி வைத்திருப்பாரே ஒருவர், உங்கள் ஆபீஸிலேயே கண்ணைப் பற்றிக் கவலைப்படுகிறவர் அவர்தான். இன்னொன்று: எல்லா நெடுவரிசையும் ஒரே திரையில் தெரிய வேண்டும் என்று எக்ஸெல்லை 70 சதவீதத்துக்குச் சுருக்கி வைத்திருப்பீர்கள். 120-க்குக் கொண்டு வாருங்கள். பக்கவாட்டில் உருட்டுவதால் யாருக்கும் தலை வலித்ததில்லை.

கல்லூரி மாணவி, சேலம்: 20-20-20 என்கிறார்களே, அது என்ன கிரிக்கெட்டா?

அதைவிடச் சின்ன ஆட்டம். 20 நிமிடத்துக்கு ஒரு தடவை, 20 அடிக்கு அப்பால், 20 விநாடி பார்ப்பது. ஜெஃப்ரி ஆன்ஷெல் என்ற அமெரிக்கக் கண் நிபுணர் எளிதில் ஞாபகம் இருக்கட்டும் என்று இப்படிச் சொல்லி வைத்தார். 20 என்ற எண்ணில் மந்திரம் எதுவும் இல்லை. தூரத்தைப் பார்க்கும்போது சிலியரி தசை தளர்ந்துவிடும், அவ்வளவுதான் விஷயம். ஹாஸ்டல் அறை பத்தடிதான் என்றால் ஜன்னல் வழியே எதிர் மாடியின் தண்ணீர்த் தொட்டியைப் பாருங்கள். அதன் மேல் உட்கார்ந்திருக்கும் காக்கை எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கண்டுபிடிப்பதற்குள் 20 விநாடி ஓடிவிடும். அந்த 20 விநாடியில் செல்போனைப் பார்ப்பது செல்லாது. அது 20 அடி அல்ல, ஒரு முழம்.

புது மணமகன், மடிப்பாக்கம்: கண்ணாடிக் கடையில் ‘ப்ளூ கட்’ லென்ஸ் போட்டால் தலைவலி வராது என்று கூடுதலாகப் பணம் வாங்கிவிட்டார்கள். பலன் உண்டா?

கடைக்காரருக்கு உண்டு. நீல ஒளியை வடிகட்டும் கண்ணாடிகளைப் பற்றி 17 மருத்துவச் சோதனைகளைச் சேர்த்து அலசி, காக்ரேன் அமைப்பு 2023-இல் ஓர் ஆய்வுத் தொகுப்பு வெளியிட்டது. திரை பார்ப்பதால் வரும் கண் களைப்பை, குறுகிய காலத்தில் பார்த்தவரை, சாதாரணக் கண்ணாடியைவிட இது குறைப்பதாகத் தெரியவில்லை என்பதுதான் முடிவு. மடிப்பாக்கம் வெயிலில் பஸ்ஸுக்கு நிற்கும்போது உங்கள் கண்ணில் விழும் நீல ஒளிக்கு முன்னால் மானிட்டர் எந்த மூலை? கழற்றி எறிய வேண்டாம், கெடுதல் ஒன்றும் இல்லை. பவர் சரியாக இருந்தால் போதும். கொஞ்சமே கொஞ்சம் தூரப்பார்வையோ சிதறல் பார்வையோ இருந்தால்கூட, சாதாரண நாளில் தெரியாது. எட்டு மணி நேரத் திரை வேலையில் நெற்றி வலியாகத் தெரியும்.

டி.டி.பி. ஆபரேட்டர், சிவகாசி: ஆடிப்பெருக்குக்குக் காலண்டர் ஆல்பம் வந்துவிட்டால் வருஷக் கடைசி வரை தலை நிமிர நேரமில்லை. பிடரியில் ஆரம்பித்து நெற்றிக்கு வருகிறது வலி.

மேட்டரை எங்கே வைத்து அடிக்கிறீர்கள்? கீபோர்டுக்கு இடப்பக்கம், மேஜையில் படுக்கப் போட்டுத்தானே? ஒவ்வொரு வரிக்கும் தலை ஒரு தடவை இடது கீழே போய், மேலே திரும்புகிறது. ராகு காலம், எமகண்டம், சந்திராஷ்டமம் என்று 365 தாளுக்கும் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். கழுத்தின் மேல்பகுதி நரம்புகளும் நெற்றிப் பக்கத்து வலியைச் சொல்லும் நரம்பும் மூளைத் தண்டில் ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன. அதனால்தான் பிடரியில் பிடிக்கிற வலி நெற்றியில் தெரிகிறது. தைலத்தை நெற்றியில் தேய்க்கிறீர்கள். திருடன் பின்வாசலில் நிற்கிறான். ஒரு பரீட்சை அட்டையில் தாளை கிளிப் போட்டு, மானிட்டருக்குப் பக்கத்திலேயே அதே உயரத்தில் சாய்த்து வையுங்கள். திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்திலோ சற்றுக் கீழேயோ இருக்கட்டும். தூரம், நீட்டிய கை தொடுமளவு. வாரம் ஒரு முறை அட்டையை வலப்பக்கம் மாற்றுங்கள், இரண்டு பக்கக் கழுத்தும் வேலையைப் பங்கு போட்டுக்கொள்ளும்.

தலை குனிந்தவன், நாகர்கோவில்: செல்போனைக் குனிந்து பார்த்தால் கழுத்தில் பாரம் ஏறுமாமே?

ஏறும். நிமிர்ந்து உட்கார்ந்தால் தலையின் எடை ஐந்து கிலோவுக்குப் பக்கம். கென்னத் ஹன்ஸ்ராஜ் என்ற நியூயார்க் முதுகெலும்பு அறுவை மருத்துவர் 2014-இல் கணினி மாதிரி வைத்துப் போட்ட கணக்குப்படி, 15 டிகிரி குனிந்தால் கழுத்து தாங்கும் பாரம் 12 கிலோ, 30 டிகிரிக்கு 18, 60 டிகிரிக்கு 27. அதாவது அரை மூட்டை சிமென்ட்டைப் பிடரியில் வைத்துக்கொண்டு ரீல்ஸ் பார்க்கிறீர்கள். போனைக் கண்ணுக்குத் தூக்குங்கள். கை வலிக்கும், வலித்தால் கீழே வைத்துவிடுவீர்கள். இரட்டை லாபம்.

பேங்க் ஊழியர், 48 வயது, ஸ்ரீரங்கம்: ப்ரோக்ரஸிவ் கண்ணாடி வாங்கியதிலிருந்து தலைவலி. திருப்பிக் கொடுத்துவிடலாமா?

அவசரப்படாதீர்கள். அந்தக் கண்ணாடியில் மேல்பாதி தூரத்துக்கு, அடிப்பகுதி கிட்டத்துக்கு, கம்ப்யூட்டர் தூரத்துக்கு நடுவில் ஒடுங்கிய ஒரு சந்து. மானிட்டர் உயரமாக இருந்தால் அந்தச் சந்தைப் பிடிக்க மோவாயைத் தூக்குவீர்கள். கவுன்டரில் நாள் முழுக்க ராஜகோபுரத்தை அண்ணாந்து சேவித்தால் பிடரி என்னாகும்? மானிட்டரைச் சாதாரண அளவைவிட இரண்டு மூன்று அங்குலம் இறக்கிப் பாருங்கள். போதாவிட்டால், கவுன்டரில் மூக்கிலிருந்து திரை வரை இஞ்ச் டேப் வைத்து அளந்து, அந்த எண்ணைக் கண் டாக்டரிடம் சொல்லுங்கள். அந்தத் தூரத்துக்கென்றே தனிக் கண்ணாடி எழுதித் தருவார். படிக்கிற கண்ணாடிக்கு 40 சென்டிமீட்டரில் சோதிப்பது வழக்கம். உங்கள் திரை 60, 70-இல் இருக்கும். வித்தியாசத்தைக் கழுத்துதான் ஈடு கட்டுகிறது.

பேரன் பேத்தி எடுத்தவர், மயிலாப்பூர்: நெற்றியில் அமிர்தாஞ்சன் தேய்த்தால் போய்விடுகிறது. பேரன் ‘அதெல்லாம் பிரமை பாட்டி’ என்கிறான்.

பேரனுக்கு வரலாறும் தெரியவில்லை, விஞ்ஞானமும் தெரியவில்லை. காசிநாதுனி நாகேஸ்வர ராவ் 1893-இல் பம்பாயில் தொடங்கி, 1914-இல் சென்னைக்குக் கொண்டுவந்த கம்பெனி அது. உங்கள் பேட்டையிலேயே அவர் பெயரில் பூங்கா இருக்கிறது, பேரனை அங்கே நடக்க அழைத்துப் போங்கள், பாதித் தலைவலி அதிலேயே போகும். தைலங்களில் இருக்கும் மென்தால், தோலில் குளிர்ச்சியை உணரும் நரம்பு முனைகளைத் தட்டி எழுப்பி, வலிச் செய்தியை அமுக்குகிறது. 1996-இல் ஜெர்மனியில் புதினா எண்ணெயை நெற்றியில் தடவியும், ஆஸ்திரேலியாவில் டைகர் பாம் தடவியும் சோதித்தார்கள். இறுக்கத் தலைவலிக்கு இரண்டும் பாராசிட்டமாலுக்குச் சளைக்கவில்லை. சின்னச் சோதனைகள்தான், ஆனால் ‘பிரமை’ என்று தள்ள முடியாது. தேய்த்த கையைக் கண்ணில் வைக்காதீர்கள், கைக்குழந்தை பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள்.

காபிப் பிரியர், கும்பகோணம்: காபி குடித்தால் தலைவலி போகிறது. குடிக்காவிட்டால் வருகிறது. காபி மருந்தா, நோயா?

இரண்டும். காஃபீன் மூளையின் ரத்தக் குழாய்களைச் சுருக்கும். வலி மாத்திரையோடு சேர்ந்தால் அதன் வேகத்தைக் கூட்டும். தினமும் மூன்று நான்கு டம்ளர் போட்டுப் பழக்கிவிட்டால், கடைசி டம்ளருக்குப் பிறகு 12-லிருந்து 24 மணி நேரத்துக்குள் ‘எங்கே அடுத்தது?’ என்று தலை கேட்கும். ஆபீஸ் நாளில் ஆறு மணிக்குக் குடிப்பவர் ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு எழுந்தால், கம்ப்யூட்டரைத் தொடாமலே தலை வலிப்பது இதனால்தான். நிறுத்துவதானால் ஒரேயடியாக வேண்டாம். வாரத்துக்கு ஒரு டம்ளர் வீதம் குறையுங்கள். நிறுத்தவே வேண்டுமா என்று கும்பகோணத்துக்காரரிடம் கேட்கிற தைரியம் எனக்கில்லை.

டெஸ்டிங் டீம், பெங்களூரு: லாப்டாப் பையில் மாத்திரை அட்டை இல்லாமல் வெளியே போவதில்லை. தினம் ஒன்று. தப்பா?

இங்கே சிரிப்பை ஒதுக்கி வைக்கிறேன். பாராசிட்டமால், இபுப்ரோஃபென் போன்ற சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கும் கூடுதலாகப் போட்டால், அந்த மாத்திரையே தலைவலியை உண்டாக்கும். காஃபீன் முதலியவை கலந்த கூட்டு மாத்திரை என்றால் 10 நாளே போதும். காலையில் எழும்போதே வலி, மாத்திரை போட்டால் கொஞ்சம் குறைவு, மறுநாள் மறுபடி என்று வட்டம் சுற்றும். பாராசிட்டமால் ஒரு நாளைக்கு 4 கிராமைத் தாண்டினால் கல்லீரலுக்கு ஆபத்து. ஜலதோஷ மாத்திரைக்குள்ளும் அது ஒளிந்திருக்கும் என்பதால் கணக்குத் தப்பிவிடும். இன்றிலிருந்து ஒரு மாதம், வலித்த நாளையும் மாத்திரை போட்ட நாளையும் காலண்டரில் தனித்தனியாகக் குறியுங்கள். அந்தத் தாளோடு டாக்டரைப் பாருங்கள். நீங்கள் பத்து நிமிடம் விளக்குவதைவிட அந்தத் தாள் அதிகம் சொல்லும்.

நைட் ஷிஃப்ட், சிறுசேரி: டார்க் மோடு நல்லதா?

வெளிச்சமான அறையில் வெள்ளையில் கறுப்பு எழுத்துதான் பெரும்பாலோருக்குப் படிக்கச் சுலபம். வெளிச்சத்தில் கண்மணி சுருங்கி, எழுத்து கூர்மையாகத் தெரியும். இருட்டில் வெள்ளைத் திரை கூசினால் டார்க் மோடு போடலாம். சிதறல் பார்வை உள்ளவர்களுக்குக் கறுப்பில் வெள்ளை எழுத்து பூத்துத் தெரியும்; அவர்கள் தவிர்க்கலாம். மோசமானது, அறை விளக்கை அணைத்துவிட்டுத் திரையை மட்டும் எரியவிடுவது. ஒரு வெள்ளைத் தாளைத் திரையோரம் பிடித்துப் பாருங்கள். தாளைவிடத் திரை ஜொலித்தால் வெளிச்சத்தைக் குறையுங்கள். அழுக்காகத் தெரிந்தால் கூட்டுங்கள்.

தாகமுள்ளவர், விழுப்புரம்: தண்ணீர் நிறையக் குடித்தால் தலைவலி போகுமா?

தண்ணீர் குறைந்து வந்த தலைவலி என்றால் போகும். மற்றதும் ஓரளவு போகும். குடித்த தண்ணீர் உங்களை ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை எழுந்து நடக்க வைக்கும்.

வலைத்தள வடிவமைப்பாளர், ஈரோடு: எனக்குத் தலையின் ஒரு பக்கம் மட்டும் விண்விண் என்கிறது. வெளிச்சமே பிடிக்கவில்லை. இதுவும் கம்ப்யூட்டர் தலைவலிதானா?

மைக்ரேன் மாதிரி இருக்கிறது. இறுக்கத் தலைவலி, தலையைச் சுற்றி வார் போட்டு இறுக்குவதுபோல் இரண்டு பக்கமும் அழுத்தும். மாடிப்படி ஏறினாலும் அதிகமாகாது. மைக்ரேன் துடிக்கும், குமட்டும், படியேறினால் உயிர் போகும், வைத்தியம் செய்யாவிட்டால் 4 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரம் வரை நீடிக்கும். திரையின் கூச்சம் அதைக் கிளப்பிவிடலாம். சாப்பாட்டைத் தள்ளிப்போடுவதும், தூக்கம் கெடுவதும் அப்படியே. நாற்காலி வைத்தியம் இதற்குப் போதாது. வராமல் தடுக்க மருந்துகள் இருக்கின்றன. நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள்.

தமிழாசிரியர், புதுக்கோட்டை: கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் எழுத்தர்கள் நிம்மதியாக இருந்திருப்பார்கள் அல்லவா?

1700-இல் இத்தாலியின் மொதேனா நகரில் பெர்னார்தினோ ரமாஸ்ஸினி என்ற மருத்துவர், தொழில்களால் வரும் நோய்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். பேரேடு எழுதும் குமாஸ்தாக்களின் அவதிக்கு அவர் சொன்ன காரணங்கள் மூன்று: ஓயாமல் உட்கார்ந்திருப்பது, கை ஒரே திசையில் நகர்ந்துகொண்டே இருப்பது, கணக்கில் தப்பு வந்து முதலாளிக்கு நஷ்டமாகிவிடுமோ என்று மனம் படும் பாடு. இறகுப் பேனாவுக்கு முன்னால் உட்கார்ந்தவரின் பட்டியல் இது. இதில் எதையாவது மாற்றி எழுத வேண்டியிருக்கிறதா, ஐயா?

இலங்கைத் தமிழர், லண்டன் ஹாரோ: கண் பரிசோதனைச் செலவை ஆபீஸ் ஏற்குமா?

ஏற்க வேண்டும். ஐரோப்பியச் சமூகத்தின் 1990-ஆம் ஆண்டு ஆணையைப் பின்பற்றி பிரிட்டனில் 1992-இல் வந்த திரைக்கருவி விதிகளின்படி, திரை முன் வேலை செய்யும் ஊழியர் கேட்டால் முதலாளி செலவில் கண் பரிசோதனை. திரை வேலைக்கென்றே தனிக் கண்ணாடி தேவைப்பட்டால் அதற்கும் அவரே காசு. சென்னையில் இருக்கும் தம்பியிடம் இதைச் சொல்லி வயிற்றெரிச்சலைக் கிளப்பாதீர்கள்.

கவலைப்படும் தந்தை, திருநெல்வேலி: மகள் தலைவலி என்றால் எப்போது பயப்பட வேண்டும்?

வாழ்நாளில் காணாத வலி நொடியில் இடியாக இறங்கினால். காய்ச்சலோடு கழுத்து விறைத்தால். பேச்சு குழறினால், கை கால் மரத்தால், பார்வை போனால். தலையில் அடிபட்ட பின் வந்தால். கண் சிவந்து, விளக்கைச் சுற்றி வளையம் தெரிந்து, வாந்தியும் வந்தால். இவற்றில் எதுவானாலும் தைலம் தேடாமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். இருமினாலோ படுத்தாலோ கூடுகிற வலி, வாரத்துக்கு வாரம் ஏறுகிற வலி, 50 வயதுக்கு மேல் புதிதாக வந்த வலி ஆகியவற்றையும் தள்ளிப்போடக் கூடாது. மற்றபடி மகளிடம், எத்தனை மணிக்குத் தூங்கினாள் என்று கேளுங்கள்.

இல்லத்தரசி, அம்பத்தூர்: கணவருக்கு வீட்டில் இருந்தே வேலை. நாள் முழுக்கக் கட்டிலில் லாப்டாப்போடு இருக்கிறார். வீட்டு வேலை ஏதாவது சொன்னால் உடனே ‘தலை வலிக்குது’ என்கிறார். நிஜமா, நடிப்பா?

நிஜமாகவே இருக்கும் என்று அவருக்குச் சாதகமாகவே தீர்ப்புச் சொல்கிறேன். தண்டனையையும் கேட்டுக்கொள்ளுங்கள். கட்டிலுக்குத் தடை. சாப்பாட்டு மேஜையில், கனத்த புத்தகங்களை அடுக்கி லாப்டாப்பைத் தூக்கி வைத்து, தனி கீபோர்டு வாங்கிக் கொடுங்கள். ஜன்னல் பக்கவாட்டில் இருக்கட்டும். முதுகுக்குப் பின்னால் இருந்தால் திரையில் எதிரொளிக்கும், எதிரில் இருந்தால் கண் கூசும். நாலு மணிக்குத் தலைவலி என்றதும் ஒரு பக்கெட் ஈரத் துணியைக் கொடுத்து மாடிக்கு அனுப்புங்கள். படியேறுவார். துணியை உதறும்போது தோள் இளகும், கொடியில் போடும்போது கழுத்து நிமிரும், இரண்டு துணிக்கு நடுவே கண் தானாக 20 அடியைத் தாண்டிப் போகும். பிசியோதெரபி மையத்தில் இதற்குக் கட்டணம் உண்டு. தலைவலி போய்விட்டது என்று பாதியில் இறங்கி வந்தால் நம்பாதீர்கள். கிளிப் போடச் சொல்லித் திருப்பி அனுப்புங்கள்.